குழந்தையை எப்படித் தூங்க வைப்பது? பாதுகாப்பான தூக்கம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். அது நம் கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைவிட, படுக்க வைத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கும் நேரம்தான் அதிகம். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தடுப்பூசி போடுவது என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எப்படிப் படுக்க வைப்பது என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதில் சொல்லித் தர என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். நிறையவே இருக்கிறது.

விதிகள் ஒன்றும் சிக்கலானவை அல்ல. மல்லாந்து படுக்க வையுங்கள். மெத்தை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். அதன்மேல் குழந்தையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும். அவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் பின்பற்றும் விதி ஒரு வாரம்கூடத் தாங்காது. நள்ளிரவில் மூன்றாம் முறையாக அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, "குப்புறப் போடு, அசந்து தூங்கிடும்" என்று யாராவது சொன்னால் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

எதற்குப் பயப்படுகிறோம்?

எந்த நோயும் இல்லாமல் நன்றாக இருந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூக்கத்தில் இறந்துபோவதும், பிரேதப் பரிசோதனை உட்பட எல்லா விசாரணைக்குப் பிறகும் காரணம் தெரியாமலே போவதும் உண்டு. இதை மருத்துவர்கள் திடீர் சிசு மரணம் என்கிறார்கள், சுருக்கமாக சிட்ஸ். இது அபூர்வம்தான். ஆனால் நடக்கும் காலம் ஏறக்குறையத் தெரியும். இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை அபாயம் உச்சத்தில் இருக்கும். இந்த மரணங்களில் பத்தில் ஒன்பது ஆறு மாதம் முடிவதற்குள் நடப்பவை. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, தலையணையில் முகம் புதைந்தோ, மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கியோ, பெரியவர்களின் உடல் அழுத்தியோ மூச்சு அடைபட்டு நடக்கும் விபத்துகள். இரண்டுக்கும் காரணம் வேறு, ஆனால் தடுக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

சிட்ஸ் ஏன் நடக்கிறது என்பதற்கு 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிலியானோவும் ஹன்னா கின்னியும் முன்வைத்த விளக்கம் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும் என்றார்கள். ஒன்று, உள்ளுக்குள் ஏதோ பலவீனம் உள்ள குழந்தை. இரண்டு, மூச்சும் இதயத் துடிப்பும் தூக்கமும் இன்னும் ஒழுங்குக்கு வராத முதல் சில மாதங்கள். மூன்று, வெளியிலிருந்து வரும் ஒரு சங்கடம்: குப்புறப் படுப்பது, முகத்தில் விழும் போர்வை, அதிக வெப்பம், புகை. எந்தக் குழந்தைக்கு அந்தப் பலவீனம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வயதையும் நாம் தள்ளிப்போட முடியாது. நம் கையில் இருப்பது அந்த மூன்றாவது மட்டும்தான்.

அந்தப் பலவீனம் என்னவாக இருக்கலாம் என்பதற்கும் ஒரு துப்பு இருக்கிறது. சிட்ஸில் இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்து இயங்கும் நரம்பணுக்களில் கோளாறு இருந்ததை கின்னியின் குழுவினர் கண்டார்கள். மூச்சுக்குக் காற்று போதாதபோது தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வேலையில் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. ஆரோக்கியமான குழந்தை ஆக்சிஜன் குறைந்தால் முகத்தைத் திருப்பும், திணறும், விழிக்கும், வீறிடும். எழுப்பும் மணி அடிக்காத குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும்.

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அசந்து தூங்குவதுதான் நல்ல தூக்கம் என்பது பெரியவர்களின் கணக்கு. முதல் ஆறு மாதத்தில் குழந்தை லேசாகத் தூங்கி, அடிக்கடி சிணுங்கி விழிப்பது அதற்குக் காவல். நம் கண்கள் எரிகின்றன, முதுகு வலிக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் 'குழந்தையை ஆழ்ந்து தூங்க வைக்கும்' என்று விளம்பரம் செய்யும் எந்தப் பொருளையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எடை வைத்துத் தைத்த போர்வைகளும் சுற்றுத் துணிகளும் அந்த வகை. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அவற்றை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

மல்லாந்து படுப்பது

குப்புறப் படுத்த குழந்தை உண்மையிலேயே நன்றாகத் தூங்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. பிரச்சினையே அதுதான். குப்புறக் கிடக்கும்போது தூக்கம் ஆழமாகிறது, விழிப்பது கடினமாகிறது. முகம் மெத்தையை ஒட்டியிருப்பதால், வெளியே விட்ட மூச்சு மூக்கைச் சுற்றியே தங்கி, குழந்தை அதையே திரும்ப இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. உடல் சூடும் சரியாக வெளியேறுவதில்லை.

இது ஏதோ ஊகம் அல்ல. 1950களில் இருந்து மேற்கு நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி மருத்துவர்களே எழுதினார்கள். மல்லாந்து படுத்தால் கக்கியது தொண்டையில் அடைத்துவிடும் என்பது அவர்கள் பயம். 1980களின் கடைசியில் பிரிட்டனின் பிரிஸ்டல் வட்டாரத்தில் பீட்டர் ஃப்ளெமிங் தலைமையில் நடந்த ஆய்வும், நியூசிலாந்தில் நடந்த ஆய்வும் வேறு கதை சொல்லின. பிரிட்டனில் 1991இல் 'மல்லாந்து படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது, அமெரிக்காவில் 1994இல். இரண்டு நாடுகளிலும் சில ஆண்டுகளுக்குள் சிட்ஸ் மரணங்கள் பாதிக்கு வந்தன. புதிய மருந்து இல்லை, கருவி இல்லை, குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவே. 2005இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து அலசியவர்கள் சொன்னது நெஞ்சைச் சுடும்: குப்புறப் படுப்பதன் ஆபத்துக்கான சான்று 1970லேயே கையில் இருந்தது, அப்போதே கூட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கலாம்.

சரி, கக்கினால் புரை ஏறாதா? எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பதில் தொண்டையின் அமைப்பில் இருக்கிறது. மூச்சுக்குழாய் முன்பக்கம், உணவுக்குழாய் பின்பக்கம். குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே வந்துவிடுகிறது, உணவுக்குழாய் கீழே போய்விடுகிறது. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். அது பெரும்பாலும் நடக்காது. குழந்தை அதை விழுங்கிவிடும், அல்லது இருமித் தள்ளிவிடும். குப்புறப் போட்டால் இந்த அடுக்கு தலைகீழாகிறது. உணவுக்குழாய் மேலே, மூச்சுக்குழாயின் வாய் கீழே. பால் தேங்குவது நேராக அங்கேதான். அதனால் அடிக்கடி கக்கும் குழந்தையையும் மல்லாந்தே படுக்க வைக்கச் சொல்கிறார்கள். தலைப்பக்கம் மெத்தையை உயர்த்தி வைப்பதால் எதுக்களிப்பு குறைவதில்லை. குழந்தை சறுக்கிக் கீழே வந்து கழுத்து மடங்கிக் கிடப்பதுதான் மிச்சம். அரிதாகச் சில குழந்தைகளுக்கு மூச்சுப்பாதையில் பிறவிக் கோளாறு இருந்து, மருத்துவரே வேறு மாதிரி படுக்க வைக்கச் சொல்லியிருந்தால் அது தனி.

குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் இருந்த குழந்தையைச் செவிலியர்கள் குப்புறப் படுக்க வைத்ததைச் சில பெற்றோர் பார்த்திருப்பார்கள். அங்கே இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் கருவி நொடிக்கு நொடி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வழக்கத்தைத் தொடரக் கூடாது. சொல்லப்போனால், குறைமாதக் குழந்தைக்குத்தான் சிட்ஸ் அபாயம் அதிகம்.

ஒருக்களித்துப் படுக்க வைப்பது நடுவழி போலத் தோன்றும். அது நிலையில்லாத படுக்கை. சின்ன அசைவில் குழந்தை குப்புறச் சரிந்துவிடும்.

அப்புறம், குழந்தை தானாகவே குப்புற விழத் தொடங்கும் நாள் வரும். மல்லாந்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் குப்புறக் கிடக்கும். இரவெல்லாம் காவல் இருந்து திருப்பிப் போட வேண்டுமா? குழந்தை இரண்டு பக்கமும், அதாவது மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புறவிலிருந்து மல்லாந்தும், தானே புரளத் தெரிந்துகொண்டால் அதன் போக்கில் விடலாம். நீங்கள் படுக்க வைக்கும்போது மட்டும், ஒரு வயது வரை, எப்போதும் மல்லாந்து வையுங்கள்.

படுக்கை

அழகான படுக்கை என்றால் நம் கண்ணுக்கு என்ன தெரியும்? மெத்தென்ற மெத்தை, குட்டித் தலையணை, பூப்போட்ட போர்வை, நாலு பக்கமும் திண்டு, ஓரத்தில் ஒரு கரடி பொம்மை. பாதுகாப்பான படுக்கையில் இதில் ஒன்றுகூட இருக்காது. பார்க்க வெறிச்சோடிக் கிடக்கும். யாராவது வந்து பார்த்து "என்ன இப்படிப் போட்டிருக்கிறீர்கள்" என்று கேட்டால், சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் பள்ளம் அப்படியே நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். குழந்தையின் தலை அதில் பதிந்து குழி விழக் கூடாது. நல்ல கெட்டியான மெத்தை நமக்குக் கல் போல இருக்கும், குழந்தைக்கு அது ஒன்றும் செய்யாது. மெத்தைக்கும் தொட்டில் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இருந்தால், உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். விரிப்பு மெத்தையோடு இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். ஒரு மூலை கழன்று வந்தாலும் அது முகத்துக்கு வரக்கூடிய துணிதான்.

தலையணை ஏன் கூடாது? குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது, கனமானது. கழுத்துத் தசையோ வலுவற்றது. தலையணையில் வைத்தால் தலை முன்னால் தள்ளப்பட்டு, முகவாய் மார்பைத் தொட்டு, மூச்சுப்பாதை மடங்கும். உருண்டால் முகம் அதன் மெத்தென்ற பகுதியில் புதையும். தலை தட்டையாகாமல் இருக்க என்று நடுவில் குழி வைத்துத் தைத்த தலையணைக்கும் இதே கதைதான். தொட்டில் கம்பியில் தலை இடிக்காமல் இருக்கக் கட்டும் திண்டும் அப்படியே. இடித்தால் அதிகம் போனால் ஒரு சின்ன வீக்கம். திண்டுக்கும் மெத்தைக்கும் நடுவே முகம் சிக்கினால் அப்படி அல்ல. அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே இந்தத் திண்டுகளையும், 10 டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளையும் விற்கத் தடை விதித்தது.

சாய்வு என்றதும் கார் இருக்கை, ஊஞ்சல் நாற்காலி, தள்ளுவண்டி எல்லாம் ஞாபகத்துக்கு வர வேண்டும். இவற்றில் குழந்தை தூங்கிவிடுவது சகஜம். பயணத்தில் கார் இருக்கையில் தூங்கினால் தூங்கட்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் 'எழுந்துவிடப் போகிறது' என்று அப்படியே கொண்டுவந்து ஓரமாக வைப்பதுதான் தவறு. முகவாய் மார்பில் சாய்ந்து கிடப்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் புரியும். எடுத்துச் சமமான இடத்தில் போடுங்கள். எழுந்தால் எழட்டும்.

ஒரே அறை, தனிப் படுக்கை

குழந்தை உங்கள் அறையில், கை எட்டும் தூரத்தில், தன் படுக்கையில் தூங்கினால் சிட்ஸ் அபாயம் நன்றாகவே குறைகிறது. குறைந்தது ஆறு மாதம் வரை இப்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஒரே படுக்கையில் தூங்கலாமா என்பதில் நாட்டுக்கு நாடு அறிவுரை கொஞ்சம் மாறுபடும். அமெரிக்க மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பிரிட்டனில், செய்வதானால் எந்தெந்த நிலையில் கண்டிப்பாகக் கூடாது என்று விளக்குகிறார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடம் இது: பெற்றோரில் யாராவது புகைபிடிப்பவராக இருந்தால், மது அருந்தியிருந்தால், தூக்கம் வரவழைக்கும் மருந்து எடுத்திருந்தால், குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் அல்லது பிறந்தபோது எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், ஒரே படுக்கை மிகவும் ஆபத்து. நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் அபாயம் கூடுதல்.

நடைமுறையில் நடப்பது வேறு. யாரும் திட்டமிட்டுச் சேர்ந்து தூங்குவதில்லை. பால் கொடுத்துக்கொண்டே அசந்துவிடுகிறோம். இங்கே ஒன்று மிக முக்கியம். தூக்கம் வரும் என்று தெரிந்தால் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து பால் கொடுக்காதீர்கள். சோபாவில் குழந்தையோடு தூங்கிவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. குழந்தை சரிந்து, உங்கள் உடலுக்கும் திண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் முகம் பதித்துவிடும். அதைவிட, தலையணையும் போர்வையும் விலக்கிய கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பது மேல். கண் விழித்த உடனே குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால், பால் கொடுக்கும்போது பக்கத்தில் விழித்திருப்பதும், முடிந்ததும் குழந்தையை வாங்கிப் படுக்க வைப்பதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும். தாய்க்கு எல்லோரையும்விடத் தூக்கம் குறைவு. அவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

சூடும் துணியும்

கை, கால் சில்லென்று இருக்கிறது என்று துணி மேல் துணி போடுவது வழக்கம். சின்னக் குழந்தையின் கையும் காலும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் அல்லது மார்பில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே வியர்வை பிசுபிசுத்தால், மார்பு சுட்டால், ஒரு துணியைக் குறையுங்கள். அந்த அறையில் உங்களுக்கு எத்தனை துணி வசதியாக இருக்கிறதோ அதைவிட ஒன்று கூடுதல், அதற்கு மேல் தேவையில்லை. வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம். குழந்தை தலை வழியாகத்தான் நிறைய வெப்பத்தை வெளியேற்றுகிறது. குளிருக்குப் போர்வைக்குப் பதில், கைகள் வெளியே இருக்கும்படி அணிவிக்கும் தூக்கப் பை நல்லது. முகத்துக்கு ஏறாது.

துணியில் இறுக்கிச் சுற்றுவதால் சிட்ஸ் குறையும் என்பதற்குச் சான்று இல்லை. குழந்தை அமைதியாகிறது என்பதற்காகச் சுற்றலாம். மல்லாந்த நிலையில் மட்டும், இடுப்பும் காலும் மடங்க இடம் விட்டு. புரளப் போகிற அறிகுறி தெரிந்த அன்றே நிறுத்திவிட வேண்டும், வழக்கமாக மூன்று நான்கு மாதத்தில். கை கட்டப்பட்ட குழந்தை குப்புற விழுந்தால் திரும்பி வர வழி இல்லை.

கழுத்தில் சங்கிலி, கயிறு, எச்சில் துணி எதுவும் தூங்கும்போது வேண்டாம். திரைச்சீலைக் கயிறும் கேமரா வயரும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

வேறு என்ன உதவும்?

தாய்ப்பால் உதவுகிறது, இரண்டு மாதமாவது கொடுத்தால் பலன் உண்டு. தூங்கும்போது ரப்பர் சூப்பான் கொடுப்பதும் அபாயத்தைக் குறைக்கிறது. தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு தொடங்குங்கள், கயிறு கட்டாதீர்கள், தூக்கத்தில் விழுந்தால் திரும்ப வாயில் திணிக்க வேண்டாம். தடுப்பூசிக்கும் சிட்ஸுக்கும் தொடர்பு இருப்பதாக ஒரு பேச்சு உலவுகிறது. தடுப்பூசி போடும் வயதும் சிட்ஸ் உச்சத்தில் இருக்கும் வயதும் ஒன்றாக அமைவதால் வந்த குழப்பம் அது. ஆய்வுகளில், தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு அபாயம் குறைவாகவே தெரிகிறது. கர்ப்ப காலத்திலும் பிறகும் புகை கூடவே கூடாது. வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் துணியோடு வீட்டுக்குள் வருகிறது.

காலில் மாட்டும் உணரிகள், மூச்சைக் கண்காணிக்கும் கருவிகள் சிட்ஸைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடு ராத்திரி தப்பாக அலறி வீட்டையே எழுப்பிவிடுவதும் உண்டு. இதற்கிடையே, தூங்கும் குழந்தை ஐந்து பத்து நொடி மூச்சை நிறுத்தி, பிறகு வேகமாக விடுவதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. முதல் மாதங்களில் அது இயல்பு. ஆனால் 20 நொடிக்கு மேல் நின்றால், உதடு நீலமானால், உடல் துவண்டால் உடனடியாக அவசர உதவிக்கு ஓட வேண்டும்.

எப்போதும் மல்லாந்து கிடந்தால் பின்தலை தட்டையாகும் என்பது உண்மைதான். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தூங்க வைக்கும்போது தலை ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் திரும்பியிருக்கும்படி வைக்கலாம். விழித்திருக்கும் நேரத்தில், கண் முன்னால் வைத்துக்கொண்டு, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். முதலில் ஓரிரு நிமிடம் போதும். ஏழு வாரத்துக்குள் நாளுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை வந்தால் நல்லது. கழுத்தும் தோளும் வலுப்பெறும், புரளவும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரு பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாலோ தட்டை கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்கள். பெற்றோர் கவனமாக இருந்தும், பகலில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள வந்தவர் பழைய பழக்கத்தில் குப்புறப் போட்டுவிடுவதுண்டு. எப்போதும் மல்லாந்தே தூங்கிப் பழகிய குழந்தையை முதல் முறையாகக் குப்புறப் போடும்போதுதான் அபாயம் மிக அதிகம். அந்த நிலையில் தலையைத் தூக்கித் திருப்ப அதற்குப் பழக்கமே இருக்காது. அதனால் தாத்தா, பாட்டி, பராமரிப்பாளர், காப்பகம் என்று யாரிடம் விட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "உங்களையெல்லாம் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தோம், என்ன ஆகிவிட்டது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். வாதாட வேண்டாம். "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்" என்று பழியை மருத்துவர் தலையில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை போகும்போது அவர்களையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.